வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

வெள்ளி, ராத்திரி.

மில்லுப் பஞ்சு பாழாக்கின என் நெஞ்சுல காலையில டாக்டர் குழாய் வச்சுப் பார்த்தார். "இப்ப வீசிங் இல்ல. மூச்சு நின்னுருமோன்னு மனசுல பயம் இருக்கு, அதையும் பார்க்கணும்"னு மகன்கிட்டச் சொன்னார். திண்டுக்கல்ல இருந்து திரும்புற பஸ்ஸுல அவன் சிரிச்சான். "வெறும் பயந்தாம்மா."

சாயங்காலம் மருமக சாம்பிராணி போட்டா. எப்பவும், "அத்தை, செத்த நேரம் வெளிய உக்காருங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போடுவா. இன்னைக்குச் சொல்லல. எந்திரிச்சுப் போனா நடிக்கிறேன்னு நினைப்பாளோன்னு நானும் புகைக்குள்ளயே உக்காந்திருந்தேன்.

இப்பப் படுக்க முடியல. இன்ஹேலர் அடிச்சும் நெஞ்சு விசிலடிக்குது. இது வீசிங்கா பயமான்னு எனக்கே பிடிபடல. மகன் அடுத்த ரூம்லதான் தூங்குறான். கதவைத் தட்டினா "வெறும் பயந்தாம்மா"ம்பான்.

தட்டல.