மூணு பாஸ்போர்ட்

உள்ளே ரூபேந்திரன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் டாக்சி ஹார்ன் அடித்தது. பிரேமலா நின்றபடியே கணவனுக்குச் சீட்டு எழுதினாள்.

“குக்கர்ல சோறு இருக்கு. சம்பல் ரொம்பக் காரம், பாத்துப் போட்டுக்குங்க. நானும் லோஷினியும் தஞ்சோங் பினாங் போறோம். தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்கதானே பிள்ளைக்கிட்டச் சொன்னீங்க? இப்ப சிங்கப்பூர்ல ஓவர்டைம்ங்கிறீங்க.”

“அம்மா, செப்பாட் லா!” என்று மகள் அவசரப்படுத்தினாள்.

பிரேமலா பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

“வேலைக்குச் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டணும்னு மோட்டார்சைக்கிள் சீட்டுக்கடியில பாஸ்போர்ட்டைத் தேடாதீங்க. மூணு பேரோடதும் என் பையில இருக்கு. எட்டு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன். பத்து மணிக்குக் கப்பல், ஸ்துலாங் துறைமுகத்துல நிப்போம். வேலையா, தீவான்னு அங்க வந்து பிள்ளை முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”