பதினோரு வளைவிலும் நின்ற மாப்பிள்ளை

பாளையங்கோட்டை,
1911 ஜூலை 24.

கொழும்பில் பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருக்கிற என் தம்பி மகள், தம்பி போன நாள் முதல் எனக்கே மகளான கெசியாவுக்குப் பெரியப்பா அப்பாத்துரை எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நானும் உன் பெரியம்மா சாரம்மாளும் சுகம், வெள்ளைப் பசுவும் கன்று போட்டுச் சுகம், நீயும் அந்தக் கடல் காற்றில் தலையை மூடிக்கொண்டு சுகமாக நடமாடுகிறாய் என்று நம்புகிறேன்.

உனக்குப் பேசியிருக்கிற தூத்துக்குடி மாப்பிள்ளை ஜெபசீலனுக்கு ஒரு கால் கட்டையாக இருக்குமோ என்று போன கடிதத்தில் எழுதினேன், நீயும் பயந்துபோய், பெரியப்பா கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் சம்மதம் என்று பதில் போட்டுவிட்டாய். நான் சும்மா சந்தேகப்படுகிற ஆள் இல்லை. சம்பந்தம் கொண்டுவந்த ஜெபகனி ஒரே மூச்சில் மூன்று தடவை "பையனுக்கு ஒரு குறையும் கிடையாது அண்ணாச்சி" என்றான். ஒரு தடவை சொன்னால் நம்பலாம், மூன்று தடவை எதற்கு? அதுவுமில்லாமல் பையன் எப்போது வந்தாலும் வில்வண்டியில் வருகிறான், கோயிலுக்கு நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறான், எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருக்கிறான், அவன் நடந்து இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தைச் சபைக்கு அறிவித்துவிட்டால் அப்புறம் பின்வாங்குவது நம் குடும்பத்துக்கு அழகா? அதனால் குருவானவரிடம் உங்கள் பெயர்களைக் கொடுக்காமல், சுலோசன முதலியார் பாலம் பார்க்கப் போவோம் வாருங்கள் என்று மாப்பிள்ளைக்கும் அவன் தாயாருக்கும் சொல்லியனுப்பினேன். தினம் பார்க்கிற பாலத்தைப் பார்க்க என்ன இருக்கிறது என்று உன் பெரியம்மா முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் கூடவே கிளம்பிவிட்டாள். அந்த நீளத்துக்கு ஒருவனை நடக்கவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்கிற யோசனை கலெக்டருக்குக்கூட வராது.

சனிக்கிழமை காலையில் கொக்கிரகுளத்துக் கரையில் இறங்கினோம். தாயார் வண்டியை விட்டு இறங்கவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். பாலத்தின் பெருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒரே மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டு ஊருக்கெல்லாம் இந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுத்தாரே, காரணமில்லாமல் யாராவது அப்படிச் செய்வார்களா, பின்னால் ஏதோ இருந்திருக்கும் என்று எனக்குச் சின்ன வயது முதலே ஒரு ஐயம் உண்டு, அதையும் சொன்னேன். என் தாத்தா கைகாட்டியிராவிட்டால் நாலாவது வளைவு நின்றிருக்காது என்பதையும் சொன்னேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. பையன் முதல் வளைவுக்கு மேலே வந்ததும் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்தான். இரண்டாவதிலும் நின்றான். மூன்றாவதிலும் நின்றான். அகப்பட்டாயா என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நான் தலையில் கட்டியிருந்த சரிகை உருமால் காற்றில் பறந்து கரையோர மணலில் போய் விழுந்தது. பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, கரையில் இறங்கி எடுத்து, அதே ஓட்டத்தில் திரும்பி வந்தான். மான் தோற்றுப்போகும் மகளே. கால் இரண்டும் ஒரே அளவு, மூச்சும் வாங்கவில்லை.

சரி, கால் நன்றாயிருக்கிறது, நெஞ்சும் நன்றாயிருக்கிறது, பிறகு நாலாவது வளைவில் ஏன் நின்றான்? ஐந்தில் ஏன்? துணி துவைக்கிற பெண்பிள்ளைகளைப் பார்க்கிறானோ என்று நானும் எட்டிப் பார்த்தேன், இரண்டு எருமை மாடு கிடந்தது. எனக்குச் சந்தேகம் கூடிப்போயிற்று. ஒன்பதாவது வளைவில் பொறுக்க முடியாமல், "என்னவே, அங்கன என்ன புதையலா கெடக்கு?" என்று கேட்டேவிட்டேன். "இல்லைய்யா, தூணு ரெண்டு ரெண்டா நிக்குல்லா, ஊடால தண்ணி எப்படிப் போகுதுன்னு பாக்கேன்" என்று பதில் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். பதினோரு வளைவையும் அப்படியே நின்று நின்று கடந்தோம். திரும்பும்போது, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியும் கேளாமல் பின்னாலேயே பாலம் கடந்து வந்த வண்டியில் தாயாருக்குப் பக்கத்தில் என்னை ஏற்றிவிட்டு அவன் நடந்தே வந்தான். அந்த அம்மாளுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாது, அதற்காகத்தான் எங்கே போனாலும் வண்டி, கோயிலிலும் கூட்டம் வருமுன் கொண்டு உட்காரவைத்துக் கூட்டம் போனபின் கூட்டிப்போகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தும், ஏன் நின்றான், ஏன் நின்றான் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க, உன் பெரியம்மா பித்தளைச் செம்பை நங்கென்று வைத்தாள். "நீங்க மூச்சு வாங்குனது பத்தடி பின்னால வந்த எனக்கே கேட்டுது. அந்தப் புள்ளை உங்களைப் பாத்துப் பாத்துல்லா நின்னுது. நீங்க தேறுன பொறவுதான் காலை எடுத்து வச்சுது. தண்ணியப் பாக்கானாம், தண்ணிய!" என்றாள். ஆடிக் காற்று எதிரே அடித்தால் யாருக்கும் இரைக்கத்தான் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கிற மாதிரி இல்லை.

மகளே, நான் இன்னும் ஆழ்வார்திருநகரி வரைக்கும் நடந்து போய் வருகிறேன் என்று பங்குனியில் எழுதினது நிசமில்லை. மார்கழி முதல் கோயில் படி ஏறவே இரண்டு தடவை நிற்கிறேன். உன் பெரியம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை, நீ கவலைப்படுவாய் என்று உனக்கும் எழுதவில்லை. ஒரு காலை நேரத்தில் அதைக் கண்டுபிடித்த பையன், ஒருவருக்கும் காட்டிக்கொடுக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். காரணமில்லாமல் ஒருவன் அப்படிச் செய்வானா என்று இரண்டு ராத்திரி புரண்டு படுத்து யோசித்தேன், ஒரு காரணமும் அகப்படவில்லை. ஆகையால் போன கடிதத்தில் கால் கட்டை என்று எழுதின வரியை மையால் அடித்துவிடு. உன் சம்மதத்தை உன் கையால் எழுதி உடனே தபாலில் சேர், வந்த அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுகிறேன்.

கர்த்தர் உன்னை நித்தமும் காத்து நடத்துவாராக. இஞ்சி மொரப்பா அனுப்பியிருக்கிறேன், எல்லாவற்றையும் சிநேகிதிகளுக்கே கொடுத்துவிடாதே. நீ வந்ததும் எல்லோருமாகப் பாலத்துக்குப் போவோம். அவன் வளைவுக்கு வளைவு நிற்பான், நீயும் கூட நின்று ஆற்றைப் பார், ஏன் என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் நன்மையே நாடும் பெரியப்பா
அப்பாத்துரை