கட்டை ஏறிச்சா?

அண்ணே, இன்று காலை இஸ்திரிக்காரர் பெட்டிக்குள் கரியை ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே திரும்பி நடந்தேன். கொடுத்த வேட்டியை வாங்காமலேயே வந்துவிட்டேன். உலக யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகிறது. கரி பஸ் போய்ப் பெட்ரோல் பஸ் வந்துவிட்டது. என் பயம் மட்டும் போன பாடில்லை.

நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். அவலூர்பேட்டைக்கும் செஞ்சிக்கும் எத்தனை நடை! பெட்ரோல் கிடைக்காத காலம், வண்டியின் பின்னால் கரியை எரித்து வாயு உண்டாக்கும் உருளை. அதில் நெருப்புப் பிடிக்கக் காற்றாடி சுற்றுகிற வேலையும் என் தலையில்தான். ஏற்றம் வந்தால் வண்டி திணறும், ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். "டிக்கெட்டும் வாங்கிக்கினு தள்ளவும் சொல்றியே, நல்லா இருக்குதுய்யா நாயம்!" என்று கேலி பேசுவார்கள். நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தோடு நடப்பேன். வண்டி நின்றால் அது பின்னால் உருளாமல் உடனே சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டாக வேண்டும். பிரேக் தேய்ந்து வெகுநாளாகியிருந்தது, யுத்த காலத்தில் சாமான் எங்கே கிடைத்தது? "பிரேக்க நம்பி ஓட்டலடா, உன் கட்டைய நம்பித்தான் ஓட்டுறேன்" என்பீர்கள். கிளம்பும்போது தினமும் ஒரே கேள்வி: "கட்டை ஏறிச்சா?"

அன்று சந்தை நாள். மேலே மல்லாக்கொட்டை மூட்டைகள், உள்ளே மூச்சுவிட இடமில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடி வந்தாள். "நின்னுக்கினே வர முடியாதுப்பா, புள்ளைக்குக் காய்ச்சல்" என்று கெஞ்சினாள். நடுவில் கட்டையைப் போட்டு அதன்மேல் அவளை உட்காரவைத்தேன். நீங்கள் வழக்கம்போல் கேட்டீர்கள், நானும் வழக்கம்போல் "ஏறிச்சு அண்ணே" என்றேன். ஏற்றம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஏற்றம் வந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அவளை எழுப்ப மனம் வரவில்லை. ஒரு தடவைதானே என்று வெறுங்கையோடு இறங்கிவிட்டேன்.

பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது, பிறகு பின்னால் உருண்டது. தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அலறினார்கள். "கட்டை! கட்டை போடுடா!" என்று கத்தினீர்கள். ஐயோ, ஒரு கல்லைத் தூக்கிப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை அண்ணே! அவர்கள்மேல் ஏறாமல் இருக்க வண்டியை ஒடித்துப் பள்ளத்தில் விட்டீர்கள். அது உங்கள் பக்கமாகவே சாய்ந்தது. அந்தத் தாயும் பிள்ளையும், மற்ற எல்லாரும் காயத்தோடு பிழைத்தார்கள். உங்களை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

பிரேக் இல்லாத வண்டியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது டிரைவர் தப்பு என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். கட்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார். "கடசியா இன்னா சொன்னாரு தம்பி? நீதானே கிட்ட இருந்த?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி."

"அவரு தப்பு பண்ணமாட்டாரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஆனால் சொல்லவில்லை.

இப்போதும் கடைத்தெருவில் அண்ணியின் தலை தெரிந்தால் ஏதாவது சந்தில் புகுந்துவிடுகிறேன். வண்டி உருண்ட பயம்கூடச் சில நாள் தணிந்துவிடுகிறது அண்ணே. அண்ணி இன்னொரு தடவை கேட்டுவிடுவாரோ என்கிற பயம்தான் ஒரு நாளும் தணிவதில்லை.