பாலம் நகர்ந்த ஞாயிறு

மார்ச் 4, புதன்

காலையிலேயே வெயில். மூன்று லென்ஸையும் துடைத்தேன். வேறு வேலை இல்லை. லெந்து நோன்புக் காலம், நம் சர்ச் ஆட்கள் வீட்டில் படம் எடுக்கக் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை வீட்டுக்காரி மெர்சி சொல்கிற இடத்துக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் நான். இன்று மாவு மில்.

சாயங்காலம் மாடியில் குடியிருக்கும் செல்வி இறங்கி வந்தாள். சங்ககிரிப் பெண். இரண்டு ஆறு கூடும் சங்கம் பக்கத்து ரயில் பாலத்தில் சைட் இன்ஜினியர். பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலேயே, ஆற்றுக்குள் தூண் நட்டு, புதியதைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ரயிலை நிறுத்தி, பழையதைப் பக்கவாட்டில் வெளியே தள்ளத் தள்ள, பின்னாலேயே அதே இடத்துக்குப் புதியதைத் தள்ளி வைப்பார்களாம். இவள்தான் பொறுப்பு. வயது இருபத்தாறு!

"பாலம் நகர்றத ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கோணும் அங்கிள். எங்கப்பா நம்பமாட்டேங்கறாருங்க."

அப்பா லாரி டிரைவர். மகள் வெயிலில் நின்று என்ன கிழிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஊரில் ஓர் ஆபீசில் நாற்காலி வேலை பேசி வைத்துவிட்டார். இந்த வேலை முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். "பாலம் எங்காச்சும் நவுருமா? யார ஏமாத்தற?" என்று நேற்று அவர் போனில் கத்தியது கீழே எங்களுக்கே கேட்டது.

பிடித்துத் தருகிறேன் என்றேன். மோதிரம் போடும் அரை விநாடியைப் பிடிக்கிறவனுக்குப் பாலம் என்ன பெரிய விஷயம்.

மார்ச் 6, வெள்ளி

சைட். தலையில் மஞ்சள் தொப்பி, எனக்குச் சின்னது. ஆற்று நாற்றம், ஆகாயத்தாமரை, கொக்குகள்.

கீழே போய் நின்று மேலே பார்த்தேன். புதிய பாலம், இருநூறு டன் இரும்பு. அதன் கீழே குண்டு குண்டாகச் சக்கரங்கள், சக்கரங்களுக்கு ஆறு ஓடும் திசையில் ஒரு தண்டவாளம். ஜாக்கி வைத்துத் தள்ளுவார்களாம். இதை மனிதர்கள் தள்ளப் போகிறார்கள் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. சங்ககிரி அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது.

"கிளம்பறப்ப விசில் அடி, நான் பிடிச்சிடுதேன்" என்றேன் செல்வியிடம். சரிங்க என்றாள்.

எடுத்து வைக்க: 70-200 லென்ஸ், ஸ்டாண்ட், பேட்டரி 3, குடை, தொப்பி (என்னுடையது).

மார்ச் 7, சனி

மேகம். நாளைக்கு வேண்டாம் ஆண்டவரே.

சைட்டில் பூஜை. மராட்டி மேஸ்திரி நாரள் உடைத்தார், ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சில்லு. செல்வி விஷ்ராந்த்வாடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தாள். முன் சக்கரத்தடியில் ஒன்று. அதே தண்டவாளத்தில் இரண்டடி தள்ளி இன்னொன்று. உருண்டு விழாதிருக்கக் கிரீஸ் தடவி ஒட்டினாள்.

"ரெண்டாவது எதுக்கு?"

"மொதல் பழம் கிளம்பறதுக்குங்க. இது நல்லபடியாப் போய்ச் சேர்றதுக்கு. எங்கப்பா லாரிக்கு வைப்பாருங்க."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. படமும் எடுக்கவில்லை. பிரசாதத் தேங்காயை மட்டும் தின்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

வானம் சுத்தம். சர்ச்சுக்குப் போகவில்லை. மெர்சி: "கர்த்தர் கேட்டா பாலத்தப் பாக்கப் போனேன்னு சொல்லுவியளோ?" சொல்லுவேன்.

9.30. எதிர்க்கரையில் ஸ்டாண்ட் போட்டேன். ஆறும் இரண்டு பாலமும் முழுதாக வரும் இடம். கூட்டம். வறுகடலைக்காரர் ஒருவர் வேறு.

10.40. கடைசி ரயில் போய்விட்டது. விரலைப் பொத்தானில் வைத்தபடி விசிலுக்குக் காத்திருந்தேன்.

11.15. இன்னும் இல்லை. கை மரத்துவிட்டது. எரிச்சல். எப்போது ஆரம்பிப்பார்கள், "கப் ஷுரு ஹோகா?" என்று யாரிடமென்று இல்லாமல் கேட்டேன். கடலைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சல் தோ ரஹா ஹை, சாப். கப் ஸே!"

நகர்ந்துகொண்டிருக்கிறதாம். எப்போதிலிருந்தோ!

பார்த்தேன். பழைய பாலத்துக்கும் கரைச் சுவருக்கும் நடுவே, முன்பு இரும்பு இருந்த இடத்தில், ஒரு முழ அகலத்துக்கு வானம். சத்தமில்லை, அதிர்வில்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதைப் போல. பார்க்கும்போது நின்றது, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் போயிருந்தது. உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டேன், ஏனென்று தெரியாது.

அப்புறம்தான் உறைத்தது. இவ்வளவு மெதுவாகப் போவதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? எதை எடுத்தாலும் நிற்கிற பாலம்தான். இருபத்தைந்து வருஷமாக விசிலுக்கும் மோதிரத்துக்கும் காத்திருந்தே பழகிவிட்ட மடையன் நான். செல்வி விசில் அடித்தாளாம், ரோட்டு ஹாரன் சத்தத்தில் இந்தக் கரைக்கு வரவில்லை.

ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை இறங்கினேன். ஒரு கால் சேற்றில். பெரிய லென்ஸில் தண்டவாளத்தைத் தேடினேன். முதல் பழம் தோலும் கறையுமாகக் கிடந்தது. இரண்டாவது முழுசாக, மஞ்சளாக, சக்கரத்துக்கு நாலு விரல் முன்னால். பக்கத்தில் செல்வி, ஒரு கையில் வாக்கிடாக்கி, மறு கை உயர்ந்து.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். சக்கரம் தொட்டது. பழம் ஒரு பக்கம் சப்பியது. தோல் வெடித்தது. சாறு வெயிலில் பளிச்சென்று தெறித்தது. கடைசிப் படத்தில் பழம் இல்லை. செல்வி சக்கரத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிறாள், அவளே தள்ளிவிட்டு அவளே நம்பாதவள் போல.

ஒன்றரைக்குப் புதிய பாலம் அதன் இடத்தில். இரண்டரைக்கு முதல் ரயில் மெல்ல வந்தது, ஜன்னலெல்லாம் கை. நான் அழுதேன். வியர்வை என்று கடலைக்காரரிடம் சொன்னேன்.

ராத்திரி செல்வி, நான் எடுத்ததில் முழுப் பாலமும் தெரியும் படங்களை அப்பாவுக்கு அனுப்பினாள். பதில்: "நின்னுட்டுத்தான இருக்குது." அவள் மாடி ஏறிப் போனாள். பழத்தின் படங்களை அப்போதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஷூ இன்னும் காயவில்லை. நாறுகிறது. வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லி உத்தரவு.

காலையில் பழத்தின் நாலு படங்களைச் செல்விக்குக் கொடுத்தேன். அனுப்பினாள். பகல் முழுக்கப் பதில் இல்லை. அவர் வண்டியில் இருப்பார் என்றாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் லாரி இன்ஜின் சத்தம்.

"பழம் நீ வச்சதா சாமி?"

"ஆமாங்ப்பா."

"எத்தன டன்னு?"

"எரநூறுங்ப்பா."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"வண்டிய எடுத்தது யாரு?"

செல்வி என்னைப் பார்த்தாள். மெர்சி கரண்டியோடு சமையலறை வாசலில்.

"நாந்தானுங்ப்பா."

"ம். உனக்கு அடுத்த லோடு எங்க?"