என் விரலில் இருப்பது கடுக்காய்க் கறை

அனுப்புநர்
கா. கொளஞ்சியம்மாள்,
க/பெ. காசிநாதன்,
மேட்டுக்கொட்டாய்,
வடக்கனந்தல் அஞ்சல்,
கள்ளக்குறிச்சி வட்டம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவரும் மாவட்டத் தேர்தல் அலுவலருமான ஐயா அவர்கள்,
கடலூர்.

பொருள்: நாடாளுமன்றத் தேர்தலில் நான் போடாத ஓட்டைப் போட்டதாகச் சொல்லி ஊர் என்னை விலக்கி வைத்திருப்பது – தாங்கள் தேர்தல் மையுடன் எங்கள் ஊருக்கு வந்து உண்மையைச் சொல்லக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை எழுதித் தர உட்கார்ந்தவர் "தங்கள் பொற்பாதம் பணிந்து" என்று தொடங்கினார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்தால் மனு எடுபடாது என்றார். தாளை வாங்கிக்கொண்டு வந்து நானே எழுதுகிறேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொய் இருந்தால் பொறுக்க வேண்டாம்.

1. எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் போய் ரோட்டில் படுத்தார்கள். என் கணவர் காசிநாதனுக்கு அங்கே பட்ட அடியில் முழங்கால் போயிற்று. ஏர் பிடித்தவர் இப்போது கம்பு பிடித்து நடக்கிறார். அவர் மேல் போட்ட வழக்கும் அவரைப் போலவே இழுத்து இழுத்து நடந்துகொண்டிருக்கிறது. மாநிலத்தில் ஏதோ கிடைத்தது என்கிறார்கள். டெல்லி வேலைகளில் பங்கும் இல்லை, வழக்கு வாபசும் இல்லை. அதனால் இந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் ஓட்டு இல்லை என்று ஊர் கூடி, திரௌபதி அம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தோம். நானும் அடித்தேன்.

2. தேர்தலுக்கு முன் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து மைக்கில் பேசியது முழுக்க ஒழுக்கத்தைப் பற்றித்தான். பீரங்கி வாங்கியதில் டெல்லியில் கமிஷன் தின்றது யார் என்று ஒருவரை ஒருவர் கிழித்தார்கள். இவ்வளவு யோக்கியர்கள் நாட்டில் இருக்கும்போது நாடு ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

3. ஓட்டுப் பதிவு அன்று ஊரே கோயிலில் உட்கார்ந்திருந்தது. ஓட்டுச் சாவடி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நான் மட்டும் மதியத்துக்கு மேல் எழுந்து வீட்டுக்குப் போனேன். எங்கள் பசு அன்று கன்று போட நேரம் பார்த்தது. கன்று தலை தெரிந்து நின்றுவிட்டதால் திரும்பிவர வெயில் தாழ்ந்துவிட்டது. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. அன்று பிறந்த கன்று இன்று துள்ளிக்கொண்டு திரிகிறது. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நாட்டாமை ராஜாங்கம் அவர்கள் தெரிவித்துவிட்டார்.

4. முடிவு வந்த பிறகு, ஜெயித்த கட்சியின் ஜீப் நன்றி சொல்ல வந்தது. "மேட்டுக்கொட்டாய்ப் பெருமக்களே, ஓர் ஓட்டுக்கூட வீணாகாமல் ஊரே திரண்டு வந்து வாக்களித்தீர்கள், உங்கள் பொன்னான கைகளுக்கு நன்றி" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுநாள் தோற்ற கட்சியின் ஜீப்பும் வந்தது. அவர்களும் எங்கள் கைகளுக்குத்தான் நன்றி சொன்னார்கள். சாவடிக்குள் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். ஆனால் நாங்கள் யாருமே போடாத ஓட்டுக்கு இரண்டு தரப்பும் வந்து நன்றி சொல்கிறார்கள் என்றால், மைக்கில் அடித்துக்கொண்டவர்கள் மற்ற இடத்தில் பங்காளிகளாக இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

5. ஊருக்கு அது புரியவில்லை. முதல் ஜீப் வந்த அந்த நிமிஷத்தில் ஊரார் செய்தது ஒன்றுதான்: ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் வேலை முடித்து வந்து நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். என் இடது கை ஆள்காட்டி விரலும் நகக்கண்ணும் கறுப்பாக இருந்தன.

6. அது என்ன கறுப்பு என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணவருக்குக் கால் போன பிறகு நான் வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு கொட்டகைக்குக் கடுக்காய் உடைக்கப் போகிறேன். எங்கள் ஊரில் இந்த வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். தேர்தலுக்கு முன்பும் இந்தக் கறை இருந்தது, அப்போது என் விரலை யார் பார்த்தார்கள்? கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர்கள் பொறுக்கிப் போட்ட காய் மூட்டை மூட்டையாக இறங்கும். அதில் தண்ணீர் தெளித்து, இடது கை விரலில் பிடித்து, வலது கையில் இரும்புச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுப்போம். காயின் தோல், மாட்டுத்தோல் பதனிடுகிற ஊர்களுக்குப் போகும். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். காயைப் பிடிக்கிற விரல் எதுவோ, தேர்தல் அதிகாரி மை வைக்கிற விரலும் அதுவே. நான் என்ன செய்ய?

7. நாட்டாமை என் கையைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "இன்னாம்மா இது?" என்றார். கடுக்காய் என்றேன். கூட்டத்தில் சிரித்தார்கள். ஊருக்கே கடுக்காய் கொடுத்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். நான் ஒன்று கேட்டேன். நான் ஒருத்தி போட்டால் ஊர் ஓட்டு முழுக்க எப்படி விழும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மத்தவங்க ஓட்டு கதைய அப்பறம் பாத்துக்கலாம். கையில கறை வெச்சிக்கினு நிக்கறது நீதான?"

ஜீப்பில் வந்தவர்களை அன்று ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

8. அன்று இரவே புளியும் செங்கல் தூளும் போட்டு விரலைத் தேய்த்தேன். தோல் உரிந்தது. காலையில் பார்த்தவர்கள், மையை அழிக்கப் பார்த்திருக்கிறாள் என்றார்கள். தேய்த்தாலும் குற்றம், தேய்க்காவிட்டாலும் குற்றம். அன்றோடு தேய்ப்பதை விட்டுவிட்டேன். வேலையை விடவில்லை. உலையில் அரிசி போட வேண்டியவள் நான்.

9. சத்தியம் தவறியவள் என்று என்னை ஊர் விலக்கி வைத்திருக்கிறது. குழாயடியில் என் குடம் நின்றால் மற்றக் குடங்கள் நகர்ந்துகொள்கின்றன. நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை. இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். என் மகள் செந்தமிழ்ச்செல்விக்குத் திருநாவலூரில் நிச்சயம் செய்திருந்தோம். தையில் கல்யாணம். கோயிலில் பொய்ச் சத்தியம் செய்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மகள் அழவில்லை. "பேசாம ஓட்டப் போட்டுட்டாவது வந்திருக்கலாம்மா. போடாமயே இத்தினி பேச்சு" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் இந்த மனுவை எழுத முடிவு செய்தேன். செய்யாத தப்பைச் செய்திருக்கலாமே என்று ஒரு பெண்ணை நினைக்க வைப்பதைவிடப் பெரிய ஊழல் டெல்லியில் இருந்தால் யாராவது எனக்குச் சொல்லட்டும்.

10. இன்னொன்றையும் எழுதுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை. ஒரு நாள் சாப்பாடு போடும்போது என் கணவர் தலையைக் குனிந்துகொண்டே, "நெஜத்த சொல்லிடு கொளஞ்சி. போட்டிருந்தா போட்டன்னு சொல்லு. நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன்" என்றார். என்னை மன்னிக்கத் தயாராக இருக்கிறார். மன்னிக்க நான் என்ன செய்தேன்? அவர் கால் உடைந்து கிடந்தபோது அவரைச் சுமந்தது இதே விரல்கள்தான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன், ஐயா.

11. இதைப் பற்றி முன்பே ஓர் அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன். தோற்ற வேட்பாளர் புகார் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். தோற்றவரும் எங்கள் ஓட்டில் பங்கு வாங்கியிருக்கும்போது அவர் எப்படிக் கொடுப்பார்? பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆட்டை வெட்டிப் பிரித்துக்கொண்டால், புகார் கொடுக்க மிச்சம் இருப்பது ஆடு மட்டும்தான். இதை அந்த ஆட்டின் புகாராக எடுத்துக்கொள்ளவும்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

மறு தேர்தல் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஓட்டில் யார் எம்.பி. ஆனார் என்பதும் எனக்கு வேண்டாம். தாங்களோ, தங்கள் பொறுப்பில் ஓர் அதிகாரியோ, தேர்தல் மைப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலுக்கு வர வேண்டும். என் கடுக்காய் விரலுக்குப் பக்கத்து விரலில், ஊரார் கண்முன் அந்த மையை வைக்க வேண்டும். மை வைத்த நாள் முதல் நான் கொட்டகை வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறேன். கடுக்காய்க் கறை நாளாக ஆகக் கழுவக் கழுவப் போய்விடும். தங்கள் மை நகம் வளர்ந்தால்தான் போகும். எது எது என்று ஊர் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அதன் பிறகு, மேட்டுக்கொட்டாயில் ஒருவரும் ஓட்டுப் போடவில்லை, ஆனாலும் ஓட்டு விழுந்தது என்பதைத் தாங்கள் விசாரித்து, அதே இடத்தில் வாய் திறந்து சொல்ல வேண்டும். நாங்கள் சத்தியம் செய்த இடத்தில் சர்க்காரும் ஒரு தடவை சத்தியம் செய்யட்டும். சூடம் நான் வாங்கி வைக்கிறேன்.

அடுத்த தேர்தலில் நான் ஓட்டுப் போடுவேனா மாட்டேனா என்பது என் இஷ்டம். ஆனால் சாவடி திறக்கும்போது வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். என் பெயரைச் சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நடவடிக்கையை எதிர்பார்த்து நிற்கும்,

கா. கொளஞ்சியம்மாள்
(கைநாட்டு அல்ல, கையொப்பம்)

இடம்: மேட்டுக்கொட்டாய்
நாள்: 18.12.1989

சாட்சிகள்:
1. கா. செந்தமிழ்ச்செல்வி (மகள்)
2.

குறிப்பு: இரண்டாவது இடம் என் கணவர் காசிநாதன் கையொப்பத்துக்கு விட்டது. தாளை இரண்டு நாள் அவர் பக்கத்தில் வைத்திருந்தேன். எடுத்துப் படித்தார், போடவில்லை. தாங்கள் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு தானாகவே போட வருவார். அப்போது அந்த இடத்தை நான் அடித்துவிடுவேன்.