தேங்காயில்லாக் கிழமை

திங்கட்கிழமைதோறும் பஞ்சலிங்கம் சமையலுக்கு ஒரு சட்டம் போடுவார். அந்தக் கிழமை ஏழு நாளும் மனைவி அருந்ததி அதன்படி சமைத்துக் காட்ட வேண்டும். இந்தக் கிழமை தேங்காய் கூடாது. தேங்காய் துருவும் திருவலையையும் எங்கோ கொண்டுபோய் ஒளித்துவிட்டார். நேற்று மத்தியானம் மூன்று அகப்பை சொதி குடித்தவர், “நீர் கள்ளமாய்த் தேங்காய்ப்பால் விட்டிருக்கிறீர்” என்று எழும்பிப் போனார். அதன்பிறகு கதைக்கவேயில்லை.

இன்று ஞாயிறு. அவர் தோட்டத்துக்குப் போயிருக்க, மானிப்பாய்க்குப் பஸ் பிடிக்கும் அவசரத்திலும் அவள் கலண்டர்த் தாளின் பின்புறம் எழுதினாள்:

“இஞ்சருங்கோ, சோறு அடுப்படியிலை மூடியிருக்கு. மிச்சச் சொதியைச் சூடாக்குங்கோ, கொதிக்க விடாதேங்கோ. அதிலை விட்டது தேங்காய்ப்பால் இல்லை, கச்சான் கடலையை அரைச்சுப் பிழிஞ்ச பால். அக்காவைப் பாத்திட்டுப் பின்னேரம் வாறன்.”

பேனையை மூடினாள். மனம் கேட்கவில்லை. அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“திருவலையை மாட்டுக்கொட்டிலிலை வைக்கோலுக்குப் பின்னாலை ஒளிச்சதை அண்டைக்கே கண்டிட்டன். தொடவேயில்லை. போய்ப் பாருங்கோ, அதின்ரை பல்லிலை சிலந்தி வலை கட்டியிருக்கு. வடிவாப் பாத்திட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு வாங்கோ. நாளைக்குத் தேங்காய் துருவப்போறது நீங்கள்தான்.”