சித்தப்பாவுக்குச் சுரைக்காய்ப் படையல்

இதனால் சுற்றத்தாருக்கும், சுவரில் மாலையோடு இருக்கும் தங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாமைச் சோறும் சுரைக்காய்க் கூட்டும். சீரகம் தாளித்த வாசனை இந்நேரம் உங்கள் படம்வரை வந்திருக்கும். முகம் சுளிக்க வேண்டாம், சித்தப்பா. காய் நறுக்கியது நான்தான்.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பிழைப்பு. உங்களுக்கு மட்டும் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்ததில்லை. டியூசனிலிருந்து என்னை ஏற்றிவரும் வழியில், சமயநல்லூர் ரோட்டுக் கடையில் வண்டியை அணைக்காமலே நிறுத்தி, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, நின்றபடியே விழுங்குவீர்கள்.

"மென்னு தின்னுங்க சித்தப்பா, பல்லு சும்மாதான இருக்கு."

"ஆர்டர் நிக்குதுடா மகனே. பசிச்சவன் போன்ல கத்துவான். என் வயிறு எங்க கத்தப்போகுது?"

வயிறு கத்தவில்லைதான். ஒருநாள் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. உங்களுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அப்பா அதே கடையில் பார்சல் வாங்கிவந்து, உங்கள் படத்துக்கு முன்னால் பிரித்து வைத்துச் சூடம் காட்டினார். படையலை வீணாக்கக் கூடாதென்று அவரே சாப்பிட்டார். போகப்போகப் புதன்கிழமைகளிலும் உங்களுக்குப் பசிக்க ஆரம்பித்தது. சர்க்கரை ஏறிவிட்டது, கொழுப்பு ஏறிவிட்டது, தம்பி போன வழியில் நீங்களும் போகாதீர்கள் என்று டாக்டர் அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"சித்தப்பாவுக்குப் படைக்கிறீங்க, தொப்பை உங்களுக்குல்ல போடுது?" என்றேன்.

"உனக்கு வாயில கொழுப்பு, எனக்கு ரத்தத்துல கொழுப்பு. ஆளுக்குக் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும்."

அம்மா அழுது பார்த்தாள். செத்துப்போன தம்பிக்குச் சோறு வைக்காதே என்று ஒரு மனிதரிடம் எத்தனை முறைதான் சொல்வது? சொல்லிச் சொல்லி எங்களுக்கே அலுத்துப் போனது.

அதனால் என் பாணியில் இறங்கினேன். ஒரு காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டே, நீங்கள் கனவில் வந்ததாக அளந்துவிட்டேன். "பரோட்டா சலிச்சுப் போச்சாம்ப்பா. சுரைக்காய் கேட்டாரு."

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "சுரைக்காயா? அவனா?"

"மேல போனா ருசி மாறுமாம்."

சிரிப்பார், இல்லை அடிப்பார் என்று நினைத்தேன். வேட்டி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் கனவுல ஒருநாளும் வரலையேடா. ஒன்கிட்ட வந்திருக்கான். எப்படிடா இருந்தான்? இளைச்சிருந்தானா?"

"தொப்பை இல்லப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றோடு பார்சல் நின்றது. டாக்டரால் ஆகாததை, அம்மாவின் கண்ணீரால் ஆகாததை ஒரே பொய்யில் முடித்தேன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஒரு பொய்யோடு முடியவில்லை. சனிக்கிழமையானால் அப்பா என் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறார். அம்புட்டு தூரம் வருகிற தம்பிக்குத் தாகம் எடுக்குமாம். விடிந்ததும், "வந்தானா? என்ன கேட்டான்?" என்கிறார். நீங்களும் கீரை, பீர்க்கங்காய், கம்பங்கூழ் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "என்னயக் கேட்டானா?" என்று சில நாள் மெதுவாகக் கேட்பார். கேட்டீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உள்ளதைச் சொல்கிறேன் சித்தப்பா. நீங்கள் என் கனவில்கூட வந்ததில்லை. சீக்கிரம் படுத்துப் பார்த்தேன். உங்கள் சட்டையைத் தலைக்கு வைத்துப் பார்த்தேன். வாடைக்காவது வருவீர்கள் என்று, நேற்று யாருக்கும் தெரியாமல் அந்தக் கடைக்கே போய், மூன்று பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து, உங்களைப்போலவே நின்றபடி விழுங்கிவிட்டு வந்து படுத்தேன். நீங்கள் வரவில்லை. விடிய விடிய ஏப்பம்தான் வந்தது. காலையில் "வந்தானா?" என்று அப்பா குனிந்து கேட்டபோது, வாயைப் பொத்திக்கொண்டு, ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.